வால்ரஸ்கள் தூங்கும் கரை

அன்புள்ள ரூல்தினாவுக்கு,

நீயும் நம் மகளும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். நான் சுகம். மூடுபனியால் ஹெலிகாப்டர் வரவில்லை என்று ஆஸ்பத்திரியில் உன்னிடம் சொல்லியிருப்பார்கள். அன்று இங்கே வானம் தெளிவாகத்தான் இருந்தது. மூடுபனி, வரவேண்டாம் என்று ரேடியோவில் சொன்னது நான்தான்.

கோபப்படுவதற்கு முன் இதை முழுக்கப் படித்துவிடு.

நீ பிரசவத்துக்குப் போன பிறகு வால்ரஸ்கள் கரையேறிவிட்டன. பனிப்பாளங்கள் வடக்கே எங்கேயோ விலகிப் போய்விட்டன. அங்கே கடல் ஆழம். முங்கினால் சிப்பி எட்டாது. படுக்க இடமில்லாமல் தாயும் குட்டியுமாக நம் மணல்திட்டுக்கே வந்துவிட்டன. ஜன்னலைத் திறந்தால் கரை முழுக்கப் பழுப்பு முதுகுகள். ஆயிரமாயிரம் மூச்சு ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகிறது. படுத்திருக்கும்போது வீடே மெல்ல மூச்சு விடுவதுபோல் இருக்கிறது. சில சமயம் அது என் மூச்சா அவற்றின் மூச்சா என்று தெரிவதில்லை.

ஊரே கிசுகிசுப்பில் வாழ்கிறது. படகு எஞ்சினைத் தொடுவதில்லை. நாய்களை மலைப்பக்கம் கொண்டுபோய்க் கட்டிவிட்டோம். பள்ளிக்கூட மணியின் நாக்கில் துணி சுற்றியிருக்கிறது. சிரிப்பு வந்தால் பிள்ளைகள் தொப்பியை வாயில் கடித்துக்கொள்கிறார்கள்.

போன வருஷம் தாழப் பறந்த ஒரு விமானத்துக்கு மிரண்டு எல்லாம் கடலுக்குள் பாய்ந்ததும், பிறகு மணலில் நசுங்கிக் கிடந்த குட்டிகளும் உனக்கு மறந்திருக்காது. அந்த வாடைக்கு வந்த கரடிகள் பள்ளிக்கூட வாசல்வரை வந்தன.

ஊர்க்கூட்டத்தில் ஹெலிகாப்டர் பேச்சு வந்தது. அதில் யார் வருகிறீர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அவரவர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்காததால் நானே எழுந்து ரேடியோ இருந்த மேசைக்குப் போனேன். வெளியே வந்ததும் நூத்தேனா அக்கா பின்னாலேயே வந்து காதருகில் சொன்னாள்: "பெத்த புள்ளைய வராதேன்னு சொன்ன மொத அப்பன் நீதான்டா. உன் பொண்டாட்டி வரட்டும், உன் தோல உரிச்சுக் காயப்போடுவா." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சத்தமில்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் கரடி வந்தது. கூட்டத்தின் ஓரத்தில் ஒரு கிழட்டு வால்ரஸ் தானாகச் செத்துக் கிடந்தது. அந்த வாடைதான் இழுத்திருக்கிறது. கரடி நெருங்கினால் எல்லாம் மிரளும். துப்பாக்கியைத் தொட முடியாது, டிராக்டரை எடுக்க முடியாது. ஆகவே செத்ததன் தந்தத்தில் கயிறு கட்டி ஊரே சேர்ந்து இழுத்தோம். நல்லவேளை, காற்று எங்கள் பக்கம் வீசியது. எங்கள் வாடை அவற்றுக்கு எட்டவில்லை. அன்று உண்மையிலேயே மூடுபனி; முன்னால் இழுப்பவரின் முதுகுகூடத் தெரியவில்லை. கைக்குள் கயிறு நகர்வது மட்டும்தான் தெரிந்தது. பின்னால் கொஞ்ச தூரத்தில் வெள்ளையாய் ஏதோ எங்களோடு நடந்து வந்தது. ஒருவரும் ஓடவில்லை. ஓடைக்கு அப்பால் போட்டுவிட்டுச் சுற்றுவழியாகத் திரும்பினோம். கரடி அங்கேயே தின்ன உட்கார்ந்துவிட்டது. இங்கே ஒரு குட்டிகூடத் தலை தூக்கவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் நம் மகளின் குரல் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

இந்தக் கடிதத்தை உன் தம்பி தும்கில் பக்கத்து ஊருக்கு நடந்தே கொண்டுபோகிறான். அங்கே ஹெலிகாப்டர் இறங்கும். நீயும் அங்கே இறங்கி நடந்து வந்துவிடலாம் என்று கணக்குப் போடாதே. பச்சைக் குழந்தைக்கு அந்தக் காற்று ஆகாது. வெந்நீர் குழாயிலேயே வரும் வீடு, இங்கேயே இருந்துவிடு என்று உன் சித்தி சொல்வதாகக் கேள்விப்பட்டேன். நல்ல வீடுதான். கதகதப்பாக இருக்கும். அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

இன்று காலை கடலோரத்தில் மெல்லிய பனி, பாலாடைபோல் கட்டியிருந்தது. மதியத்துக்குள் கரைந்துவிட்டது. நாளையும் கட்டும். அது கெட்டியானதும் இவை தாமாகப் போய்விடும். மறுநாளே ரேடியோவில் கூப்பிடுவேன்.

காற்றும் கடலும் உங்கள் இருவரையும் காக்கட்டும். கோபம் இருந்தால் கோபத்தோடேயே வா, ரூல்தினா. ஆனால் வா.

உன்,
ராக்தின்