ஏரி உறையும் மாதம்

13 டிசம்பர் 1998, ஞாயிறு

காலையில் சாய்சரண் போன் செய்தார். மினியாபோலிஸில் அப்போது சனிக்கிழமை இரவு. கல்யாணமானதிலிருந்து அவர் இவ்வளவு உற்சாகமாகப் பேசி நான் கேட்டதில்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரி உறைய ஆரம்பித்துவிட்டதாம். மூன்று சக்கர வண்டி ஒன்று வாங்கியிருக்கிறாராம். எஞ்சின் கிடையாது, பெடல் கிடையாது. தரையை ஒட்டி ஒரு துணி இருக்கை, அவ்வளவுதான். பெரிய காத்தாடியைப் பறக்கவிட்டு அதில் உட்கார்ந்தால் காற்று இழுத்துக்கொண்டு போகுமாம். இத்தனை நாள் புல்வெளியில் பழகினார். இனிமேல் பனிக்கட்டி மேல்.

"நீ வந்ததும் உனக்கும் கத்துத் தரேன், ஸஹானா."

"ஐஸ் உடைஞ்சா?"

சிரித்தார். "அது மேல லாரியே ஓட்டறா இங்கே."

விசா வந்தாயிற்று. ஜனவரி கடைசியில் கிளம்ப வேண்டும். பெசன்ட் நகர் கடலில் கணுக்காலுக்கு மேல் நனைந்தவள் இல்லை நான். நீச்சல் தெரியாது. இதை அவரிடம் சொல்லியிருக்கிறேனா?

15 டிசம்பர்

எட்டாம் வகுப்பில் கணக்கு நடத்தும்போது ஜன்னல் கண்ணாடியில் ஒரு விரிசலைப் பார்த்தேன். போட்டுக்கொண்டிருந்த கணக்கு மறந்துவிட்டது.

19 டிசம்பர், சனி

சாயின் ஆபீஸ் நண்பர் மதிவாணன் லீவில் வந்திருக்கிறார். ஆழ்வார்பேட்டையில் வீடு. மனைவி ஷீலாவோடு வந்து ஒரு பையைக் கொடுத்தார். சாக்லேட், கையுறை, சுருட்டி வைத்த சிவப்புத் துணி. பிரித்தால் சின்னக் காத்தாடி. இரண்டு கயிறு, இரண்டு கைப்பிடி. வருவதற்குள் பழகிக்கொள்ள வேண்டுமாம்.

மாமியார் எட்டிப் பார்த்தார். "ஏண்டி, ஆத்துக்காரிக்கு அனுப்பற சாமானா இது?"

நானும் சிரித்தேன். வயிற்றுக்குள் சிரிப்பில்லை.

24 டிசம்பர்

திருவான்மியூர் கடற்கரை. மாமியார் கச்சேரிக்குப் போயிருந்த நேரம்.

மதிவாணன் நிதானமாகச் சொல்லிக் கொடுத்தார். காத்தாடி தலைக்கு மேலே நின்றால் சாது. நேர் எதிரே தாழ இறங்கினால் இழுக்கும். வலது கையை இழுத்தால் வலப்பக்கம் திரும்பும். "தாங்க முடியலன்னா ரெண்டு கைப்பிடியையும் விட்டுடுங்க. காத்தாடி போனா போகட்டும்."

கடல் காற்று. துணி உப்பி எழுந்து தலைக்கு மேல் நின்றது. கொஞ்ச நேரம் – பிடித்திருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் காற்று சட்டென்று வேகமெடுத்தது. பதறித் தப்பான கையை இழுத்தேன். காத்தாடி எதிரே பாய்ந்து இறங்கியது. கால் மண்ணில் இல்லை. குப்புற விழுந்து இழுபட்டேன். எதிரே கட்டுமரங்கள். "விடுங்க! விடுங்க!" மதிவாணன் பின்னால் ஓடிவரும் சத்தம். கேட்டது. புரிந்தது. விரல் திறக்கவில்லை. விட வேண்டும் என்று தெரிந்தும் இன்னும் இறுக்கிப் பிடித்தேன் – ஏன்? ஏன் அப்படி?

வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் பாய்ந்து என் இடுப்பை வளைத்துப் பிடித்தார். "கைய வுடும்மா! இன்னாத்துக்கு இப்டி புட்சிக்கினு கீற!" அவர்தான் என் விரல்களைப் பிரித்தார்.

முழங்கால், தாடை எல்லாம் சிராய்ப்பு. ஆட்டோவில் ஏறும்போது தடுக்கி விழுந்ததாக வீட்டில் பொய் சொன்னேன்.  

27 டிசம்பர், ஞாயிறு

சாய் போன் செய்யவில்லை.

28 டிசம்பர்

நானே போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "ஆபீஸ்ல வேலை ஜாஸ்தியா இருக்கும்" என்றார் மாமியார். சொல்லிவிட்டுப் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

29 டிசம்பர்

மதிவாணன் வந்தார். உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே கூப்பிட்டு, "பயப்படாதீங்க, இப்ப நல்லா இருக்கான்" என்றார். இப்ப என்றால்?

சனிக்கிழமை. ஓர் ஓடை வந்து ஏரியில் சேரும் இடம். அங்கே மட்டும் பனி மெல்லிசாக இருந்திருக்கிறது. பனி உடைந்து சாய் வண்டியோடு உள்ளே போயிருக்கிறார். கழுத்து வரை தண்ணீர். மீன் பிடிக்க வந்திருந்த ஒரு கிழவர் கயிறு வீசி இழுத்துப் போட்டாராம். சாய் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நாளைக்கு விட்டுவிடுவார்கள். எனக்குச் சொல்ல வேண்டாம் என்று சொன்னாராம்.

எனக்குச் சொல்ல வேண்டாமா? அப்போ நான் யாரு? லாரி ஓட்டறாளாம். லாரி! அந்தக் கிழவர் அன்னிக்கு ஆத்தை விட்டுக் கிளம்பாமலே இருந்திருந்தா? கயிறு எடுத்துண்டு வரலேன்னா?

மாமியாரிடம் சாய்க்கு ஜுரம் என்று சொன்னேன். அவனுக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

3 ஜனவரி 1999, ஞாயிறு

போன் வந்தது. திட்ட வேண்டும் என்று வாக்கியங்கள் சேர்த்து வைத்திருந்தேன். குரலைக் கேட்டதும் வாயில் வந்தது வேறு.

"வண்டி என்னாச்சு?"

"இழுத்துப் போட்டுட்டா. கீழ் ரூம்ல கெடக்கு. இனிமே தொட மாட்டேன்."

அதைத்தானே நான் கேட்க நினைத்தேன்? ஆனால் அவர் அதைச் சொன்ன விதம் பிடிக்கவில்லை. வேலைக்குப் போகிறீர்களா என்றேன். போகிறாராம். ஏரியோரப் பாதையில் போகாமல் சுற்றிக்கொண்டு. அப்புறம் மெதுவாக, "காலுக்குக் கீழ ஒண்ணுமே இல்லை, ஸஹானா. அதான். அதேதான் திரும்பத் திரும்ப" என்றார்.

எனக்கு அது தெரியும். கடற்கரையிலிருந்து எனக்கும் அதேதான். சொல்லவில்லை.

9 ஜனவரி

பொய் தாங்கவில்லை. மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குப் போகவே பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

"போகாதே. அவனையும் திரும்பி வரச் சொல்லு. இங்கே இல்லாத வேலையா?" சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் வந்த நாளிலிருந்து அவர் அழுது பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். அப்போது, போக வேண்டும் என்று தோன்றியது. அங்கே சாய் முதுகைத் தடவ யாரும் இல்லை. பயம் குறைந்துவிட்டது என்றால் அது பொய்.

16 ஜனவரி, சனி

பொங்கல் முடிந்து மறுபடி திருவான்மியூர். மதிவாணனிடம், "எனக்கு விடறதுக்கு மட்டும் கத்துத் தாங்கோ" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

காத்தாடி ஏறும். இழுக்க ஆரம்பித்ததும் விடுவேன். அது போய் எங்கேயோ விழும். ஷீலா ஓடிப்போய் எடுத்து வருவாள். முதலில் விரல் மறுத்தது. வாய்விட்டு "விடு" என்று எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. இருட்டுவதற்கு முன்னால் சொல்லாமலே திறந்தது. 

22 ஜனவரி

பெட்டி கட்டியாயிற்று. மாமியார் பருப்புப் பொடிக்கும் சிவப்புத் துணிக்கும் நடுவில் ஒரு கம்பளிப் போர்வையைத் திணித்தார்.

7 பிப்ரவரி, ஞாயிறு – மினியாபோலிஸ்

வந்து இரண்டு வாரம். பின்பக்க ஜன்னலில் திரையை அவர் விலக்குவதே இல்லை. நான் விலக்கினால் சமையலறைக்குப் போய்விடுகிறார்.

இன்று வண்டியைக் காட்டச் சொன்னேன். சக்கரத்தில் துரு. ஏரியில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்களிடம் போய்க் கேட்டேன். ஒரு கம்பியை உள்ளே விட்டுக் காட்டினார்கள். பனி ஒரு முழத்துக்கு மேல் கனம். அவரிடம் வந்து சொன்னேன். "தெரியும்" என்றார். தெரிந்து என்ன?

கரையை ஒட்டிப் பனிமேல் வண்டியை வைத்து நான் உட்கார்ந்தேன். பின்னால் ஒரு கயிறு கட்டினார். மறுமுனையைத் தன் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு கரை மண்ணில் காலை ஊன்றி நின்றார். முகம் வெளுத்திருந்தது. என் முகத்தை நான் பார்க்கவில்லை.

சின்னக் காத்தாடிதான். எழுந்தது, பக்கவாட்டில் சாய்ந்தது. வண்டி நறநறவென்று நகர்ந்தது. அடியில் பனி எங்கோ தூரத்தில் முனகியது.  கைப்பிடிகளை விட்டேன். வண்டி கொஞ்ச தூரம் உருண்டு நின்றது.

கயிறு இறுகும் என்று எதிர்பார்த்தேன். இறுகவில்லை. திரும்பிப் பார்த்தேன். சாய் கரையில் இல்லை. பனிமேல், எனக்குப் பின்னால் நான்கு அடியில் நின்றுகொண்டிருந்தார். தன் காலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டியிலிருந்து நான் எழுந்திருக்கவில்லை. அசைந்தால் ஓடிவிடுவார் என்று பயம்.

"காத்தாடி போறது பார்" என்றார் கடைசியில். கயிற்றைக் கையிலிருந்து அவிழ்த்துப் போட்டுவிட்டு, காத்தாடியை எடுத்து வரப் பனிமேல் என்னைத் தாண்டி நடந்தார்.