டெஸ்ஸின் அட்டையில் என் பெயர்

2013 ஏப்ரல் 9, செவ்வாய்

வந்துவிட்டது! முப்பத்துநான்கு வருடம் இங்கிலாந்தின் ஹல் நகரத் தெருக்களில் தபால் கொடுத்தவள் நான். உறை எங்கிருந்து வருகிறது என்று எட்ட நின்றே சொல்வேன். டெஸ் பெயருக்கு எஸ்-ஒன் படிவம். இங்கிலாந்தில் ஓய்வூதியம் வாங்குகிறவர் ஸ்பெயினில் குடியிருந்தால், இந்தத் தாளைக் கொடுத்து ஊர்க்காரர்களைப் போலவே அரசு வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். அவருடைய துணைக்கும் அதில் பங்கு உண்டு. அந்தத் துணை நான்தான்!

எனக்கு ஐம்பத்தேழு. என் சொந்த ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது. என் இடுப்பு மூட்டு அதுவரை தாங்காது. குளிர்காலத்துக்குள் மாற்றாவிட்டால் சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தனியார் காப்பீட்டுக்காரர்கள் மூன்று பேரும் என் எக்ஸ்ரேயைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டார்கள். இதுவும் இல்லையென்றால் ஹல்லுக்கே திரும்ப வேண்டும். டெஸ்ஸின் இருமல் இங்கே வந்த வாரமே நின்றது. அந்த ஈரத்துக்கு அவனை மறுபடி இழுத்துக்கொண்டு போவதா?

போக வேண்டாம். வந்துவிட்டதே! சமையலறையில் ஒற்றைக் காலில் ஆடினேன். டெஸ் ரேடியோ சத்தத்தைக் கூட்டினான்.

ஏப்ரல் 11, வியாழன்

சமூகப் பாதுகாப்பு அலுவலகம். டெஸ்ஸின் வேலை பத்தே நிமிடத்தில் முடிந்தது. அடுத்து நான். கண்ணாடி போட்ட பையன் கேட்டான்: "துணைன்னா எப்படி? கல்யாணமா, பதிவு பண்ண ஜோடியா?"

"இருபத்திரண்டு வருஷமா ஒண்ணா இருக்கோம்ப்பா" என்றேன்.

"ரொம்ப சந்தோஷம்மா. பேப்பர்?"

பேப்பர் இல்லை. நகராட்சியில் ஜோடியாகப் பதிந்து சான்றிதழ் கொண்டு வந்தால் அன்றைக்கே என்னைச் சேர்த்துவிடுவானாம். சின்ன வேலைதான் என்கிறான். பின் ஏன் என் முகம் இப்படித் தொங்கிக் கிடக்கிறது?

ஏப்ரல் 12

ஏனென்று தெரியும். அந்தப் படிவத்தில் என் பெயருக்கு மேலே இருந்த சொல்: 'சார்ந்திருப்பவர்'.

அம்மா எதற்கெடுத்தாலும் அப்பாவைக் கேட்டுக் கேட்டு நின்றவள். ஒரு ஜோடி செருப்புக்குக்கூட. நான் அப்படி நிற்கமாட்டேன் என்று பதினாறு வயதில் சொன்னேன், நின்றதும் இல்லை. மழையில் என் தபால் பையை நானே தூக்கினேன். டெஸ் இரண்டு தடவை கல்யாணம் என்று வாயெடுத்தான். இரண்டு தடவையும் முடியாது என்றேன். அவன் பொறுத்துக்கொண்டான். இப்போது ஒரு எலும்புக்காக நான் அவனைச் சார்ந்திருப்பவளா?

டெஸ் ரொட்டி வாட்டிக்கொண்டே சொன்னான்: "பஸ் ஓட்டுன காலத்துல எனக்கு வழி சொன்னது நீ. இந்த ஊருக்குக் கூட்டிட்டு வந்தது நீ. ஒரே ஒரு தாள்ல என் பேரு மேல இருந்தா குடி முழுகிப் போயிடுமா?"

போகாதுதான். இருந்தாலும் மனசு வரவில்லை.

ஏப்ரல் 16

சரி என்று சொல்லிவிட்டேன். அவன் காது வரை சிரித்தான், தடியன்.

ஏப்ரல் 23, செவ்வாய்

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

நல்ல சட்டை போட்டுக்கொண்டு நகராட்சிக்குப் போனோம். அங்கே அம்பாரோ என்றொரு பெண், கெட்டிக்காரி. டெஸ்ஸிடம் முதல் மனைவியின் இறப்புச் சான்றிதழ் இருந்தது; அவன் கணக்கில் 'மனைவியை இழந்தவர்' என்று ஏற்கெனவே சரியாகப் பதிவாகியிருந்தது. என் பெயரைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அம்மா, உங்களுக்குக் கல்யாணம் ஆயிருக்கே?"

"எனக்கா? யாரோட?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். குடியிருப்புப் பதிவுல நீங்களே சொல்லியிருக்கீங்க. கல்யாணம் ஆனவங்களை வேற ஒருத்தரோட ஜோடியா பதிய முடியாதும்மா. உங்க வீட்டுக்காரர் எங்க?"

பழக்கதோஷத்தில் டெஸ்ஸைக் காட்டினேன்.

"இவரு பொண்டாட்டி செத்துப்போயிட்டதா இருக்கு. அப்ப செத்தது யாரு, நீங்களா?"

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. போன நவம்பர். வந்த புதிது. நகராட்சியின் முப்பத்தெட்டுப் படியையும் இந்த இடுப்போடு ஏறி, மூச்சு வாங்க நின்றேன். அப்போதிருந்த ஆள் "உங்க நிலை என்ன?" என்று கேட்டார். கல்யாண நிலையைத்தான் கேட்டிருக்கிறார். நான் என் உடம்பு நிலையைக் கேட்கிறார், நல்ல மனுஷன், என்று நினைத்துக்கொண்டேன். களைத்துப்போயிருக்கிறேன் என்று ஸ்பானிஷில் சொல்ல 'கான்ஸாதா' என்றிருக்க வேண்டும். நான் 'காஸாதா' என்றேன்.

காஸாதா என்றால் கல்யாணமானவள்.

ஒரு 'ன்' விட்டதற்கு ஒரு புருஷன். அம்பாரோ மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். ஆனால் திருத்தமாட்டாளாம். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று என் நாட்டுத் தாள் வேண்டுமாம்.

ஏப்ரல் 24

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? காலையில் ரொட்டிக்கடைக்குப் போனால் எனக்கு முன்னால் சேதி போயிருக்கிறது. கடைக்கார என்கார்னா ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறாள்: "ஏண்டி லோர்னா, உன் இன்னொரு புருஷன் பாக்க எப்படி இருப்பான்? டெஸ்ஸை விட உசரமா?"

"முடி நிறைய" என்றேன். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடுப்பு.

மே 2, வியாழன்

ஹல்லுக்குப் போன் மேல் போன். "கல்யாணம் ஆனதுக்குச் சான்றிதழ் தருவோம் மேடம். ஆகாததுக்கு எப்படித் தர்றது?" என்கிறாள் ஒருத்தி. நியாயம்தான். நடக்காத ஒன்றுக்கு யார் ரசீது வைத்திருப்பார்கள்?

டெஸ் வீட்டு விளம்பரங்கள் பார்த்துக்கொண்டிருந்தான். ஹல்லில் வாடகை வீடுகள். என்னைக் கண்டதும் பக்கத்தைத் திருப்பிவிட்டான். "சும்மாதான் பாத்தேன்" என்றான். அந்தச் சும்மாவைக் கேட்டு அழுதுவிட்டேன். எனக்காக அந்த ஈரத்துக்குப் போகத் தயார் அவன், ஒரு வார்த்தை சொல்லாமல். நான் ஒரு தாளில் அவனுக்குக் கீழே உட்கார நான்கு நாள் முரண்டு பிடித்தவள்.

மே 3

அம்பாரோவே போன் செய்தாள்! நோட்டரி முன்னால் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்து, தெரிந்தவர்கள் இரண்டு பேர் சாட்சி சொன்னால் அதை ஏற்றுக்கொள்வார்களாம். கேட்டு வைத்திருக்கிறாள், மவராசி.

மே 14, செவ்வாய்

நோட்டரி அலுவலகம். சாட்சி என்கார்னாவும் அவள் புருஷன் ஹினேஸும். ஹினேஸ் கல்யாணத்துக்கு வருகிற மாதிரி கோட்டு போட்டு வந்தார். இந்த அம்மாள் மணமாகாதவர் என்று உறுதியாகத் தெரியுமா என்று நோட்டரி கேட்டார்.

என்கார்னா: "சார், இவங்க வீட்டு ஜன்னல் எங்க கடைக்கு நேரா இருக்கு. தினம் காலையில ரெண்டும் பேசிப் பேசிச் சிரிக்குதுங்க. கல்யாணம் ஆனவங்க எங்க சார் காலங்காத்தால பேசிக்கிறாங்க?"

ஹினேஸ் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார். நோட்டரிக்குச் சிரிப்பில் பேனா பிடிக்க முடியவில்லை. அப்படியே எழுதினாரோ என்னவோ, முத்திரை விழுந்தது.

ஜூன் 6, வியாழன்

பதிந்தாயிற்று! அம்பாரோ தாளைத் திருப்பி வைத்து விரலால் காட்டினாள். முதலில் நான் போட்டேன். டெஸ் கையெழுத்துப் போட்டுவிட்டு மூக்கைச் சிந்தினான். ஜலதோஷமாம். ஜூன் மாதத்தில்!

படியிறங்கும்போது என்கார்னா எங்கிருந்தோ வந்து தலையில் அரிசியைக் கொட்டினாள். இது கல்யாணம் இல்லை என்றேன். "சரி சரி, குனி" என்றாள்.

ஜூன் 28

அட்டை! என் பெயர் போட்ட சுகாதார அட்டை! கீழே பொடி எழுத்தில், டெஸ்ஸின் வழியாக. மூன்று தடவை படித்தேன். பிறகு பணப்பையில், ஓட்டுநர் உரிமத்துக்கு முன்னால் வைத்தேன்.

ஜூலை 15

எலும்பு டாக்டர் பார்த்துவிட்டார். நவம்பரில் அறுவை சிகிச்சை.

நவம்பர் 13, புதன்

நேற்று மாற்றிவிட்டார்கள். இன்று காலை நிற்க வைத்தார்கள். நான்கு அடி நடந்தேன். நான்கு!

இந்த ஊர் ஆஸ்பத்திரி வழக்கம் எங்களுக்குப் புதிது. நோயாளியோடு வீட்டு ஆள் இருந்தே ஆக வேண்டும். சோறு ஊட்டுவது, துடைத்துவிடுவது எல்லாம் அவர்கள் வேலை. பக்கத்துக் கட்டிலில் ஃபுயென்சாந்தா அம்மாள், அவருக்கும் இடுப்புதான், சுற்றி ஏழு பேர். எனக்கு ஒரே ஒரு டெஸ். நர்ஸ் வந்து வெந்நீர்ப் பேசினையும் துண்டையும் அவன் கையில் திணித்து, "நீங்கதானே இவங்க ஆளு? முதுகைத் துடைச்சு விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பாம்பைக் கையில் கொடுத்த மாதிரி நின்றான். இருபத்திரண்டு வருடத்தில் காய்ச்சலில்கூட நான் அவனைப் பணிவிடை செய்ய விட்டதில்லை, என் வேலையை நானே பார்த்துக்கொள்வேன் என்று.

ஃபுயென்சாந்தா அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "கட்டி எத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் இப்படிக் கூச்சப்படுறாரு?"

டெஸ் விரல் விட்டு எண்ணினான். ஜூன் முதல். "அஞ்சு மாசம்" என்றான் அவனுடைய ஓட்டை ஸ்பானிஷில்.

அறையே குதித்தது. "அட! புதுசா கட்டினவங்கடா! எந்திரிங்க, எல்லாரும் வெளிய போங்க!" ஏழு பேரும் சிரித்துக்கொண்டே நாற்காலிகளோடு வெளியேறினார்கள். ஃபுயென்சாந்தா அம்மாள் எழ முடியாமல், கட்டிலில் கிடந்தபடியே கைத்தடியை நீட்டி எங்களுக்கு நடுவே திரையை இழுத்துவிட்டார்.

டெஸ் துண்டைப் பிழிந்தான். நான் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"கொஞ்சம் இடது பக்கம்" என்றேன்.