மதினிக்கு வந்த சம்மன்

மதினி,

உங்கள் பெயருக்கு ஒரு சம்மன் வந்தது. கொண்டுவந்த கான்ஸ்டபிள் கடை வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு உங்கள் பெயரை உரக்க வாசித்தார். "இந்தம்மா இருக்காகளா?" என்றார். உள்ளே ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாருக்கும் கை நின்றுவிட்டது.

"அவுக இறந்து எட்டு மாசமாச்சு சார்" என்றேன்.

அவர் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப உங்களுக்கு ஒண்ணு இருக்கு. ரெண்டாவது சாட்சி. அதுல கையெழுத்துப் போடுங்க" என்றார். உங்கள் தாளில் இறந்துவிட்டதாக எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு வருஷம் அந்தத் தாளுக்காகக் காத்திருந்தவர் நீங்கள். இருந்திருந்தால் அன்றைக்கே கோர்ட்டுக்குக் கட்டிப் போகச் சேலை எடுத்து வைத்திருப்பீர்கள். இப்போது கேஸ் முடிந்துவிட்டது. என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். கூடவே, நீங்கள் உயிரோடு இருந்தவரை உங்களிடம் மறைத்த ஒன்றையும் சொல்ல வேண்டும். கோர்ட்டில் முன்பின் தெரியாத ஆட்கள் அதைக் கேட்டுவிட்டார்கள். நீங்கள் மட்டும் கேட்காமல் இருப்பது சரியில்லை.

நான் லோயர் கேம்ப்பில், மலை ஏறுமுன் நிற்கிற ஐயப்பசாமி வண்டிகளில் ஏலக்காய்ப் பாக்கெட் விற்றுத் தொழிலுக்கு வந்தவன். விற்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. நீங்கள் பதினாறு வயசிலிருந்து போடி ஏலக்காய்க் கிட்டங்கிகளில் காய் பொறுக்கித் தரம் பிரித்தவர். அண்ணன் போன பிறகு நாம் இருவரும் சேர்ந்து சின்னமனூரில் இந்தக் கடையைப் போட்டபோது, பொறுக்குவது உங்கள் பொறுப்பு, விற்பது என் பொறுப்பு என்று பேச்சு. போனில் வீடியோ போடலாம் என்று சொன்னதும் நான்தான்.

முதல் வீடியோ எடுத்த அன்றைக்கு நீங்கள் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வெள்ளைத் துணியில் காயைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தீர்கள். "ஏப்பா தம்பி, இதுட்ட என்னன்னு பேச? அங்கன ஆளே இல்லையே" என்றீர்கள்.

"கடைக்கு வர்றவுககிட்டப் பேசுற மாதிரி பேசுங்க மதினி."

"கடைக்கு வர்றவுக என்னமாச்சும் கேப்பாகல்ல. இது உம்முன்னு பாத்துக்கிட்டே இருக்கு, பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி."

அதையும் சேர்த்துத்தான் போட்டேன். பச்சை நிறத்துக்குச் சாயம் ஏற்றிய காயை ஈரத் துணியில் தேய்த்துக் கண்டுபிடிப்பது எப்படி என்று காட்டினீர்கள். கடைசியில், வெடித்த காய் ஒன்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, "காய் வாயத் தொறக்கக் கூடாது. யாவாரிதான் வாயத் தொறந்து உண்மையச் சொல்லணும்" என்றீர்கள். மெட்ராஸிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஆர்டர் வர ஆரம்பித்தது அந்த ஒரு வாக்கியத்தால்தான்.

கூடவே கமெண்டும் வந்தது. புருஷன் இல்லாத பொம்பளைக்குப் பொட்டு எதற்கு, பூ எதற்கு என்று தொடங்கும். அதற்குப் பிறகு மதினியும் கொழுந்தனும் என்று போகும். அதற்குப் பிறகு எழுதியிருந்ததை நான் இங்கே எழுத மாட்டேன்.

இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள் என்று நான் இருந்தேன். நீங்கள் படித்தீர்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனோடு உட்காருவீர்கள். காயைக் கைகொள்ள அள்ளித் தள்ளுகிற ஆள் இல்லையே நீங்கள். ஒவ்வொரு காயும் இரண்டு விரலுக்கு நடுவே ஒரு தரம் உருண்டுதான் போகும். கமெண்டையும் அப்படியேதான் படித்தீர்கள். நல்லதுக்குச் சிரிப்பீர்கள். "நடிகை மாதிரி இருக்கீங்கன்னு ஒருத்தன் எழுதிருக்கான். எந்த நடிகைன்னு சொல்லலையே, ஏமாத்துக்காரப் பய" என்று பொறுக்குகிற பெண்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டுவீர்கள். கெட்டது வந்தால் சத்தம் போடாமல், அதைப் போனிலேயே போட்டோப் பிடித்து வைத்துக்கொள்வீர்கள்.

ஒரு நாள் திருப்பூரிலிருந்து ஒரு பெண் நம் காய் சொத்தை, நாம் ஏமாற்றுக்காரர்கள் என்று எழுதியிருந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. கடையின் பெயரைக் கெடுக்கிறாள், போலீஸில் எழுதிக்கொடுக்கப் போகிறேன் என்று சட்டையை மாட்டிவிட்டேன். வாசலில் மறித்தீர்கள்.

"எங்க கிளம்பிட்டீரு?"

"ஏமாத்துக்காரன்னு எழுதிருக்கா மதினி. சும்மா விட முடியுமா?"

"அந்தப் பொட்டலத்துல நாலஞ்சு சொத்தை கெடந்துச்சு. போட்டோப் போட்டிருக்கா, நல்லாப் பாரும். அவ வாங்குனவ, வைவா. வேற காய் அனுப்பி மாப்புக் கேளும்." அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். "காயச் சொன்னா ஒமக்கு இம்புட்டுக் கோவம் வருதுல்ல. என்னைய ஒரு வருஷமா எழுதுறானுகளே, அதுக்கு ஒரு நாளாச்சும் சட்டைய மாட்டுனீரா?"

நீங்கள் உட்கார்ந்து, காயைப் பொறுக்குகிற மாதிரியே பிரித்துச் சொன்னீர்கள். காய் நல்லால்லை என்பவன் ஒரு குவியல், வெலை கூட என்பவன் ஒரு குவியல். இந்த ரெண்டு பேருக்கும் நாம்தான் பதில் சொல்லணும், சட்டம் அங்கன வரக் கூடாது. வந்தால் வாங்குகிறவன் எவனும் வாய் திறக்க மாட்டான். மூணாவது குவியல் நம் காயை வாங்கவும் இல்லை, விலை கேட்கவும் இல்லை. ஒரு பொம்பளையை நாலு பேருக்கு முன்னால் அசிங்கப்படுத்த வந்தவன். அவனுக்கு நான் பதில் சொல்ல முடியாது, சட்டம்தான் சொல்லணும். வக்கீலுக்குப் படித்தவர்கள் இதைவிடத் தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை.

அப்போதும் நான் மசியவில்லை. "வாய்க்கு வந்ததையெல்லாம் கேஸாக்குனா ஜெயில் பத்தாது மதினி. விடுங்க" என்றேன். "சரி, போட்டோதான் பிடிச்சாச்சுல்ல. அந்தக் கமெண்ட அழிச்சிரும். ஆத்தாடி, தெனம் அதுலதான் முழிக்க வேண்டியிருக்கு" என்றீர்கள்.

"நம்மளால அழிக்க முடியாது மதினி. கம்பெனிக்காரன்தான் அழிக்கணும்."

இதுதான் நான் மறைத்தது. அழிக்க ஒரு விரல் போதும். கமெண்ட் எவ்வளவு விழுகிறதோ அவ்வளவுக்கு வீடியோ மேலே வரும், நல்லதா கெட்டதா என்று அந்தப் போனுக்குத் தெரியாது. அவர்கள் வைய வைய நமக்கு ஆர்டர் ஏறியது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் விட்டுவைத்தேன். நீங்கள் நம்பினீர்கள். அதற்குப் பிறகும் கடைசிவரை அந்தக் கமெண்டுகளில்தான் முழித்தீர்கள்.

புகாரை என்னை எதிர்பார்க்காமல் நீங்களே எழுதிக்கொடுத்தீர்கள். நான் வண்டி ஓட்டிக்கொண்டு தேனிக்குக் கூட வந்தேன், அவ்வளவுதான். புகாரில் இருந்த மூன்று பேரில் இருவர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. மூன்றாவது ஆள், சிங்கப் படம் போட்டுப் பொய்ப் பெயரில் எழுதியவர், இரண்டு ஊர் தள்ளி உரக்கடை வைத்திருக்கிறவர் என்று தெரிந்தபோது எனக்குத்தான் நம்ப முடியவில்லை. பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த மனுஷன்.

நம் ஊர் வழக்கப்படி சமாதானத்துக்கு வந்தார்கள். நமக்கு மேகமலைக் காய் தருகிற எஸ்டேட்காரர் பழத்தட்டோடு முன்னால் வந்தார், உரக்கடைக்காரர் பின்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. உரக்கடைக்காரர் அவருக்கு மச்சினன் என்பது அன்றைக்குத்தான் தெரியும். "ஆத்தா, கால்ல விழச் சொல்றேன். இத்தோட விட்டுருங்க" என்றார் எஸ்டேட்காரர்.

"கால்லயெல்லாம் விழ வேண்டாம். மன்னிச்சிட்டேன், போங்க. பழத்தையும் வச்சிட்டுப் போங்க, காய் பொறுக்குற பிள்ளைக சாப்பிடட்டும்" என்றீர்கள்.

"அப்ப கேஸு?"

"கேஸு இருக்கட்டும்."

"மன்னிச்சிட்டேன்னு சொன்னீகளே ஆத்தா?"

"மன்னிப்பு நான் குடுக்கிறது. அதக் குடுத்தாச்சு. கேஸு எனக்கு மட்டுமா? வீடியோ போட பயந்துக்கிட்டு எத்தன பொம்பளைக இருக்காக."

அதற்குப் பிறகு உங்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, மதுரைக்கும் சின்னமனூருக்கும் அலைந்து, ஒரு நாள் திரும்பி வராமலே போய்விட்டீர்கள். அந்த எழுத்தால்தான் நீங்கள் போய்விட்டீர்கள் என்று இரண்டு பேர் என்னிடம் சொன்னார்கள். நீங்கள் கேட்டிருந்தால் சிரித்திருப்பீர்கள். உங்களைச் சாய்க்கிற அளவுக்கு அந்த ஆளுக்குத் தெம்பு கிடையாது.

சம்மன் வந்த மறுநாள் எஸ்டேட்காரர் கடைக்கு வந்தார். டீ குடித்தார். மழை பேசினார். எழுந்து போகும்போது, "அவுகளே போயிட்டாக. நீங்க போயி எதயும் மாத்திச் சொல்ல வேண்டாம், பெருசா ஞாபகம் இல்லன்னு மட்டும் சொல்லுங்க. நம்ம பழக்கம் பழக்கமா இருக்கட்டும்" என்றார். அவர் தோட்டத்துக் காய் இல்லாமல் நம்மிடம் எட்டு எம்எம் பருமனுள்ள பெரிய பச்சைக் காய் கிடையாது. உங்களுக்குத் தெரியும். இரண்டு நாள் யோசித்தேன், மறைக்க மாட்டேன். கேஸை வலுவாக நிற்க வைக்க இனி நான் ஒருவன்தான். நான் குழப்பினால் அன்றைக்கே கேஸ் செத்துவிடும்.

உத்தமபாளையம் கோர்ட்டில் கூண்டில் ஏறியபோது அதையெல்லாம் விட வேறொன்றுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஏன் அழிக்கவில்லை என்று கேட்பார்கள். அதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன்: ஆதாரத்துக்காக விட்டுவைத்தோம். கேட்க நன்றாக இருக்கும், யாரும் மடக்க முடியாது. வியாபாரி இல்லையா.

உரக்கடைக்காரரின் வக்கீல் கேட்டார். ஆனால் நான் நினைத்த மாதிரி கேட்கவில்லை. "ஒரு விரல்ல அழிக்கலாம். வருஷக்கணக்கா அழிக்கல. அப்படின்னா அந்தம்மாவுக்கு அதுல வருத்தமே இல்ல. இன்னும் சொல்லப்போனா, அது அவங்களுக்குப் பிடிச்சுத்தான் இருந்திருக்கு. சரிதானே?"

உங்களுக்குப் பிடித்திருந்தது என்று சொல்லிவிட்டார், மதினி. நீங்கள் வந்து மறுத்துச் சொல்ல முடியாத இடத்தில் நின்றுகொண்டு.

"அவுக அழிக்கத்தான் சொன்னாக. நான்தான் அழிக்கல. அழிக்க முடியாதுன்னு அவுககிட்டப் பொய் சொன்னேன். கமெண்டு நெறைய விழுந்தா வீடியோ மேல வரும், ஏவாரம் நடக்கும். அதுக்காக விட்டுவச்சேன். அவுகளுக்கு இது தெரியாது."

மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "இதை அப்படியே பதிவு பண்ணலாமா?" என்று என்னைக் கேட்டார். "பண்ணுங்கம்மா" என்றேன். இறங்கி வந்தபோது மனசு காலி மூட்டை மாதிரி லேசாக இருந்தது.

மேகமலைக் காய் நின்றுவிட்டது. வண்டன்மேட்டுப் பக்கம் ஆள் பிடித்திருக்கிறேன். காய் கொஞ்சம் சிறிசு. வீடியோவில் சிறிசு என்றே சொல்லி விற்கிறேன். அந்தப் பழைய கமெண்டுகளையெல்லாம் கோர்ட்டில் அனுமதி கேட்டுக்கொண்டு, கூண்டிலிருந்து இறங்கிய வாரமே அழித்தேன். ஆர்டர் கொஞ்சம் குறைந்தது, கடை ஒன்றும் மூழ்கிவிடவில்லை. பூ வைத்துக்கொண்டு இன்னொரு பெண் இப்போது நம் வெள்ளைத் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுகிறாள். உங்கள் அளவுக்கு வாய் கிடையாது. போகப் போக வந்துவிடும்.

இன்றைக்குத் தீர்ப்பு. குற்றம் உறுதி என்று சொல்லி அபராதம் போட்டார்கள். அதோடு கோர்ட் கலையும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்று தண்டனை. இவ்வளவுதானா என்று முதலில் தோன்றியது. உட்கார்ந்து பார்த்த பிறகுதான் அதன் கனம் தெரிந்தது. பொய்ப் பெயரில் எழுதிய மனுஷனை அப்பன் பெயரோடும் ஊர்ப் பெயரோடும் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றார். பிறகு சாயங்காலம்வரை பெஞ்சில். வேறு வேறு கேஸுக்கு வந்த அவர் ஊர்க்காரர்கள் பக்கத்தில் வந்து, "என்னண்ணே, நீங்க இங்கன? என்ன கேஸு?" என்று கேட்கக் கேட்க அவர் தன் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. சட்டம் என்றால் ஆளை உள்ளே தூக்கிப் போடுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். எழுதியவனை அவன் சொந்தப் பெயரில் பகல் வெளிச்சத்தில் உட்கார வைப்பதற்கும் சட்டம் வேண்டும். அந்த அளவுக்கு வேண்டும். உங்கள் பக்கம் வந்துவிட்டேன், மதினி.

எனக்கு அங்கே வேலை முடிந்துவிட்டது. கடையில் சரக்கு வந்து இறங்குகிற நேரம். எழுந்து வாசல்வரை போனேன். போக முடியவில்லை. திரும்பி வந்து அதே பெஞ்சில், அவருக்கு ஓர் ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். "ஒங்களுக்கு என்ன? கெளம்பலையா?" என்றார்.

"எனக்கும் இருக்கு" என்றேன்.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள், எழுந்தார்கள், போனார்கள். எனக்கு யாரும் தண்டனை சொல்லவில்லை. நீங்கள் சொல்லியிருக்கவும் மாட்டீர்கள், மன்னித்துவிட்டு டீ போட்டுக்கொடுத்திருப்பீர்கள். அதனால்தான் நானாக உட்கார்ந்தேன். மாஜிஸ்திரேட் எழுந்ததும் எல்லாரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன்.