கல்லாற்றுக்கு மட்டும் கேட்ட அலைவரிசை

நகத்தில் ஒருநாளும் பூசாமல், திருகாணிகளுக்காக மட்டும் சிவப்பு நகச்சாயம் வாங்கி வைத்திருந்த என் அம்மாவுக்கு,

நீ போன பிறகு வந்த முதல் மழைக்காலம் இது. உன் மேசையை நான் நகர்த்தவில்லை. நீ கையால் கட்டிய ஹாம் ரேடியோ அதே ஜன்னலோரம் இருக்கிறது. ஒரே அலைவரிசை, திருப்ப ஒரு குமிழ்கூடக் கிடையாது. பக்கத்தில் நீயே கட்டிய கவுண்டர். ரேடியோ எந்த அலைவரிசையில் பேசுகிறது என்று எண்ணிக் காட்டும் அந்தச் சின்னப் பெட்டியை நீ கடிகாரத்தைவிட அதிகமாக நம்பினாய். அதைப் பற்றித்தான் இப்போது உனக்கு எழுத வேண்டியிருக்கிறது. நம் ஹாம் ரேடியோ சங்கத்தாரும் படிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவோமே, அதை இப்போது ஹரி நடத்துகிறான். கம்பெனி ரேடியோ வாங்கியிருக்கிறான். முதல் வாரமே எனக்குப் போன் செய்தான்.

"சேச்சி, தப்பா நினைக்கக் கூடாது. உங்க சப்தம் பீப்பாய்க்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. ஒரு நானூறு ஹெர்ட்ஸ் தள்ளி நிக்கறீங்க."

"அம்மா கவுண்டர்ல சரியாத்தானே காட்டுது ஹரி?"

"அப்போ கவுண்டர்தான் தப்பு."

"அம்மா பேசும்போது யாரும் சொல்லலையே?"

"எல்லாருக்கும் தெரியும் சேச்சி. அம்மாகிட்ட யாரு போய்ச் சொல்லும்? நாங்க குமிழைக் கொஞ்சம் திருப்பிக்குவோம், அவ்வளவுதான்."

உனக்குத் தெரியுமா அம்மா இது? இத்தனை வருஷமும் நீ பேசிய இடத்துக்கு அத்தனை பேரும் நகர்ந்து வந்திருக்கிறார்கள்.

ஆனால் இனி அப்படி முடியாதாம். தள்ளி நிற்கும் ரேடியோவை மழைக்காலப் பொறுப்பில் சேர்க்க வேண்டாம் என்று சங்கத்தில் முடிவாகிவிட்டது. நமக்கு மழைக்காலப் பொறுப்பு என்றால் கல்லாறு. ஆற்றோரத்தில் டீக்கடை வைத்திருக்கும் ரெஜிக்கு இதே மாதிரி குமிழில்லாத ஒரு ரேடியோவை நீதான் கட்டிக் கொடுத்தாய். மலையில் மழை பிடித்தால் அங்கே போன் செத்துவிடும். அப்போது வெள்ளம் வருகிறதென்று அவனைக் கூப்பிட்டுச் சொல்ல நாம்தான். ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் என்பதால் அவன் எங்களோடு பேச வருவதில்லை. வாரநாள் மதியம் உன்னோடு மட்டும் பேசுவான், பிறகு என்னோடு. என்னை விலக்கினால் அவன் தனியாகிவிடுவான்.

அதனால் புதிதாக ஒரு கவுண்டர் தேடிப் போனேன். தம்பானூரில் லாட்ஜுகள் இருக்கும் சந்தில், மாடியில், ஆய்வகங்கள் கழித்துப் போட்ட கருவிகளை விற்கும் கடை. கடைக்காரர் முதலில் பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தார்.

"எட்டு டிஜிட் மேடம். இதுக்கு மேல எந்தா வேண்டது?"

"எட்டாவது டிஜிட் பொய் சொன்னா?"

"சொன்னாலும் நல்ல வெளிச்சமாச் சொல்லும்," என்றார். பிறகு அவரே சிரித்துவிட்டு, உள்ளேயிருந்து தூசி படிந்த ஒரு கனமான பெட்டியை இழுத்து வந்தார். இலக்கங்கள் குறைவு. ஆனால் உள்ளே சீராகத் துடித்துக்கொண்டிருக்கும் படிகம் வெயிலுக்கும் குளிருக்கும் அசையாமல் நிற்க ஏற்பாடு செய்யப்பட்டது. எண்ணிக்கை முழுவதும் அந்தப் படிகத்தை வைத்துத்தான். அது தவறினால் எத்தனை இலக்கம் காட்டி என்ன? கனமானதையே வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அதையும் உடனே நம்பவில்லை. சனிக்கிழமை மாலை, வெளிநாட்டு நேர ஒலிபரப்பு ஒன்று சரியாகப் பத்து மெகாஹெர்ட்ஸில் வருமே, அதை ஹரியிடம் இரவல் வாங்கிய ரிசீவரில் பிடித்தேன். கவுண்டர் சூடாகி நிலைபெற அரை மணி நேரம் விட்டு, அதன் படிகத்தின் ஒலியையும் ஒரு துண்டுக் கம்பி வழியாக அதோடு சேர்த்தேன். இரண்டும் ஒன்றோடொன்று உரசி விசிலடித்தன. கவுண்டரின் படிகத் திருகைத் திருப்பத் திருப்ப, இரண்டுக்கும் வித்தியாசம் குறைந்து விசில் இறங்கியது. அது நிற்கும்போது கையை எடுத்தால் மறுபடி ஏறுகிறது. நான் பிடித்திருந்தது இரும்புத் திருப்புளி; அது கிட்டே வந்தாலே படிகம் அசைகிறது. பழைய பல்துலக்கியின் பிளாஸ்டிக் காம்பைத் தேய்த்துக் கூராக்கி மறுபடி உட்கார்ந்தேன். விசில் முனகலாகி, முனகல் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கி, கடைசியில் அடங்கியது.

அந்தக் கவுண்டரில் உன் ரேடியோவை அளந்தேன். ஹரி சொன்ன அதே நானூறு.

உன் ரேடியோப் பெட்டியைத் திறந்தேன். அலைவரிசையை நகர்த்தும் சின்னத் திருகின் மேல் உன் சிவப்புப் பொட்டு, யாரும் திருப்பிவிடக் கூடாதென்று நீ வைத்த முத்திரை. பிளேடால் கீறினேன். திருகைத் திருப்பியதும் பொட்டு இரண்டாகப் பிரிந்தது, பாதி திருகில், பாதி விளிம்பில். எண்கள் சரியான இடத்தில் வந்து நின்றன. மறுநாள் ஹரி, "இப்போ கறக்ட், சேச்சி" என்றான். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. காரணம் அப்போது தெரியவில்லை.

திங்கட்கிழமை விடுமுறை. முற்பகலில் ஹரியின் போன் வந்தது.

"பொன்முடி மேல கொட்டுது சேச்சி. தண்ணி இப்போ இறங்கும். கீழே கல்லாறுல நல்ல வெயிலாம், ஆளுகள் ஆத்துல குளிச்சுண்டிருக்கும். ரெஜிக்குப் போன் போகல. வேகம் கூப்பிடுங்க." வைத்துவிட்டான். அவன் மலை நிலையத்தோடு வேறு அலைவரிசையில் பேசிக்கொண்டிருந்தான்.

கூப்பிட்டேன். பதில் வந்தது, ஆனால் சொற்களாக வரவில்லை. யாரோ மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்துவது போல ஒரு குரல். நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். மறுபடி அதே கத்தல். அதில் "மனசிலாயில்ல" என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. அவனுக்கும் என் பேச்சு புரியவில்லை. மலைமேல் பெய்யும் மழையின் இரைச்சலா? ஏரியல் கழன்றுவிட்டதா? புதுக் கவுண்டரைப் பார்த்தேன். கடைசி இலக்கம் வரை சரி. அது சரியாக இருந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது.

ரெஜியின் ரேடியோவை அளந்து வைத்தது யார்? நீ. எதை வைத்து அளந்தாய்?

உன் பழைய கவுண்டரை வைத்து. அவனுடையதும் உன்னுடையதும் ஒரே அளவு தவறி, ஒன்றுக்கொன்று மிகச் சரியாக இருந்திருக்கின்றன. நான் ஒன்றை மட்டும் திருத்திவிட்டேன். ஹரியைப் போலத் திருப்பிக்கொள்ள அவனிடமும் குமிழ் இல்லை, என்னிடமும் இல்லை. ஹரியைக் கூப்பிட்டேன், போன் எங்கேஜ்டு.

மூடியைக் கழற்றினேன். பிளாஸ்டிக் காம்பைத் திருகில் வைத்து, இந்தமுறை கவுண்டரைப் பார்க்கவே இல்லை. உன் பாதிப் பொட்டையும் மீதிப் பொட்டையும்தான் பார்த்தேன். இரண்டும் சேர்ந்து ஒன்றானதும் கையை எடுத்தேன்.

"ரெஜி, மலையில மழை. தண்ணி வருது. ஆத்துல இருக்கற எல்லாரையும் கரையேத்து."

"கேட்டு சேச்சி, கேட்டு." அவனுக்குக் கேட்டுவிட்டது. எனக்கும் அவ்வளவு தெளிவு. பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல.

அதன் பிறகு ஒன்றுமில்லை. வெறும் இரைச்சல். கூப்பிடவும் பயம், அவன் ஆற்றில் நிற்கும்போது நான் கூப்பிட்டு என்ன ஆகப் போகிறது? நீ இப்படி எத்தனை முறை இந்த நாற்காலியில் காத்திருந்தாய்? சமையலறையில் இருந்த எனக்கு அது ஒருநாளும் தெரிந்ததில்லை.

கடைசியில் மூச்சு வாங்க வந்தான். "எல்லாரும் கரைக்குக் கேறி, சேச்சி. கலங்கித்தான் வந்தது தண்ணி. ஒரு ஜோடிச் செருப்பும் ஒரு சோற்றுப் பாத்திரமும் போச்சு." பிறகு, "அதுக்கு முன்னே பேசினது யாரு? தாறாவா?"

வாத்துக்கு அவர்கள் ஊர்ச் சொல். நீ இருந்தால் சிரித்திருப்பாய். நான் அழுதுவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹரி, "சேச்சி, பழையபடி தள்ளிப் போச்சு" என்றான். நடந்ததைச் சொன்னேன். "கொஞ்ச நாள் இப்படியே நிக்கட்டும் ஹரி." அவன் அடுத்தவரைக் கூப்பிட்டான். கூப்பிடக் கூப்பிட அவன் குரல் மெல்லத் தெளிந்தது, குமிழைத் திருப்பியிருக்கிறான்.

ஆனால் இதை இப்படியே விட மாட்டேன், அம்மா. நான் வீட்டில் இல்லாத அன்று யாராவது ரெஜியைக் கூப்பிட்டால் அவனுக்கு வாத்துதானே கேட்கும்? மழை விட்டதும் உன் ரேடியோவையும் கனமான கவுண்டரையும் எடுத்துக்கொண்டு தம்பானூரில் பஸ் ஏறிக் கல்லாறு போவேன். ரெஜியின் கடை மேசையில் இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே உட்காரலில் இரண்டையும் சரியான இடத்துக்கு நகர்த்துவேன். அதுவரை உன் பொட்டைத் தொட மாட்டேன். நகர்த்தி முடித்ததும் உன் குப்பியிலிருந்தே புதுப் பொட்டு வைப்பேன். சாயம் இன்னும் உலரவில்லை, திறந்து பார்த்துவிட்டேன்.

உன் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும்,
உன் மகள்