அம்மாவின் கடைவாய்ப் பல்

ஹாலிஎல,
வியாழக்கிழமை.

அன்பு மகள் ஜெயந்தினிக்கு,

முருகன் அருளால் நானும் அம்மாவும் சுகம். அந்தக் கனடாக் குளிரில் நீயும் ஒரு குறையுமில்லாமல் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே இரண்டு வாரமாக மழை, போஞ்சிக் கொடியெல்லாம் அழுகிவிட்டது. போனில் பேசலாம்தான், ஆனால் அம்மா பக்கத்திலேயே நிற்பாள், அவளை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வராது.

அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் குத்து. ஒரு மாதம் கராம்புத் தைலத்தோடு ஓட்டியிருக்கிறாள், கன்னம் வீங்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. செவ்வாய்க்கிழமை பதுளைக்கு, பல் டொக்டர் றிப்னாவிடம் கூட்டிப்போனேன். உன் வயதுதான் இருக்கும். அம்மா குடிக்கும் பிரஷர் மாத்திரைகளைக் கேட்டு எழுதிக்கொண்டார், என்னையும் பக்கத்தில் நிற்க விட்டார். ஊசியைப் பல்லுக்கு அருகில் போடுவார் என்று நினைத்தேன், அவரோ வாயின் பின்கோடியில் மெல்ல மெல்ல ஏற்றினார். ஏன் என்று கேட்டேன், வாத்தியார் புத்தி போகுமா. அந்தப் பக்கத்துக் கீழ்ப் பல்வரிசைக்கெல்லாம் ஒரே நரம்புதானாம், அது தாடை எலும்புக்குள் நுழைகிற இடத்தில் மருந்தை விட்டால் போதுமாம். நம் ரயில் பாதையை நினைத்துக்கொள். நம் ஊரைத் தாண்டித் தெமோதரையில் மண் சரிந்தால், பதுளையில் ஏறினவரும் ஹாலிஎலயில் ஏறினவரும் கொழும்பு போய்ச்சேர மாட்டார்கள் அல்லவா, அதுபோல வலி பல்லிலிருந்து கிளம்பும், மூளைக்கு வந்து சேராது. ஆளை மயக்காமல், நினைவைத் தொடாமல், பாதி உதட்டை மட்டும் உறங்க வைக்கிறது சில துளி மருந்து! எத்தனை பிள்ளைகளுக்கு நரம்பு மண்டலத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருப்பேன், ஒருநாளும் இப்படி வாய் பிளந்து நின்றதில்லை.

உதடு தடித்த மாதிரி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, கூரான கம்பியால் ஈறைத் தொட்டு, "நோவுதாம்மா?" என்றார். "ஒண்ணுமில்லீங்க டொக்டர்" என்றாள் அம்மா. அவர் இடுக்கியை எடுத்தார். அப்போதுதான் நான் அவள் கால்களைப் பார்த்தேன். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் கொழுந்து பறித்தவள், ஈரச் சரிவில் வழுக்காமல் நிற்க விரல்களை மடக்கி மண்ணைப் பிடிப்பாளே, அதேபோலப் பத்து விரலும் மடங்கியிருந்தன. "பொறுங்க டொக்டர், இவ பொய் சொல்றா" என்று கத்தியே விட்டேன். டொக்டர் இடுக்கியைக் கீழே வைத்தார். சீழ் கட்டின இடத்தில் சில நேரம் மருந்து சரியாகப் பிடிக்காதாம். "அம்மா, விறைச்சிட்டுதா இல்லையா எண்டு காட்டுற மெசின் எங்கட்ட இல்ல. நீங்க சொல்றத வச்சுத்தான் நான் கை வைக்கிறேன். நீங்க பொறுத்துக்கொண்டா எனக்கு எப்புடித் தெரியும்?" என்றார். அம்மா கூசிப்போய், "இவ்வளவு பெரிய டொக்டரம்மா கேக்கிறப்ப வலிக்குதுன்னா, குத்தம் சொல்ற மாதிரி இல்லீங்களா?" என்றாள். காய்ச்சலோடு காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்கும் வரிசையில், போய் நின்றபோதெல்லாம் கங்காணியிடம் அவள் சொன்னதும் அதே ஒண்ணுமில்லீங்கதான்.

மறுபடி ஊசி, பத்து நிமிஷம் காத்திருப்பு, மறுபடி கம்பி. அம்மாவின் இடது கை மெல்ல எழுந்தது. "கொஞ்சம் வலிக்குதுங்க." அந்தக் கணமே டொக்டரின் கை நின்றது. மகளே, அந்தக் கை நின்றதை என்னால் மறக்கவே முடியவில்லை. இவள் சொன்ன ஒரு வார்த்தைக்கு அது நின்றது. பல்லைச் சுற்றி இன்னும் சில துளி விட்டார். அடுத்த முறை கால்விரல்கள் தளர்ந்து கிடந்தன. பல்லைப் பிடுங்கும்போது இழுத்தது தெரிந்ததாம், வலி மட்டும் வரவேயில்லையாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வாய் ஒரு பக்கம் கோண உட்கார்ந்திருந்தாள். மரப்பு விடும்வரை சூடாகக் குடிக்காதே, உதட்டைக் கடித்துவிடாதே என்று சொல்லிவிட்டு, இத்தனை வருஷமும் என்னிடம்கூட ஏன் வலியைச் சொன்னதில்லை என்று கேட்டேன். "நீங்க எங்க கேட்டீங்க வாத்தியாரே? ஒண்ணுமில்லையேன்னுதானே கேப்பீங்க, நானும் ஒண்ணுமில்லம்பேன்" என்று சிரித்தாள், சிரிப்பும் ஒரு பக்கம்தான் வந்தது.

நான் சிரிக்கவில்லை மகளே. ஞாயிற்றுக்கிழமை தோறும் உன்னிடமும் அப்படித்தான் கேட்கிறேன், நீயும் "ஒண்ணுமில்லப்பா" என்கிறாய். இந்தக் கடிதத்தின் தொடக்கத்திலும், ஒரு குறையுமில்லாமல் இருப்பாய் என்று அதையே எழுதியிருக்கிறேன் பார், வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

கதிர்காமக் கந்தன் உனக்குத் துணையிருப்பான், அம்மாவின் ஆசியும் இதோடு வருகிறது. கம்பளிக் காலுறை போடாமல் வெளியே இறங்காதே. ஒன்றுக்கு மட்டும் மறக்காமல் பதில் எழுது. உனக்கு எங்கே வலிக்கிறது?

காத்திருக்கும் உன் அப்பா,
அழகையா