தலையாட்டினால் ஆமாம் என்று இல்லை

மார்ச் 4, செவ்வாய்

நோன்போடு திண்டிவனம் போய் ஜெயிலில் சாதிக்கைப் பார்த்துவிட்டு வந்தேன். என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை, படிப்பும் இல்லை. வீட்டில் நாங்களாக வைத்துக்கொண்ட சைகைதான் அவனுடைய பாஷை. அவன் வேர்க்கடலை மூட்டை தூக்கும் மல்லாட்டை மண்டியில் மேஸ்திரியைக் கட்டையால் அடித்தான் என்று கேஸ். போலீஸ் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினானாம், எழுதிக்கொண்டார்களாம். அடப்பாவிகளா! யார் வாயசைத்தாலும் அவன் ஆட்டுவான். ஆட்டினால்தான் விட்டுவிடுகிறார்கள் என்று பழகிப்போனவன்.

மார்ச் 11, செவ்வாய்

விழுப்புரத்தில் மனநல டாக்டரிடம் கொண்டுவந்தார்கள், கையில் விலங்கோடு. "நீ பொம்பளையா?" என்று கேட்டார். அதற்கும் ஆட்டினான். மூளை வளர்ச்சி இல்லை என்று எழுதிவிட்டார்.

வக்கீல் அம்பிகா மேடம் சொன்னார்: "இதை வச்சா கேஸை நிறுத்திடுவாங்கம்மா. ஆனா மனநல ஆஸ்பத்திரியில போட்டுடுவாங்க. எப்ப விடுவாங்கன்னு யாருக்கும் தெரியாது."

அம்மா கேட்டாள், "நம்ம புள்ள பைத்தியமாடி ஸாலிஹா?"

மார்ச் 12

ஜெயிலா, பைத்திய ஆஸ்பத்திரியா? யா அல்லாஹ், நான் எதைத் துஆ கேட்க?

மார்ச் 20, வியாழன்

வக்கீல் கோர்ட்டில் மனு போட்டு, காது கேளாதவர்களிடம் சைகையில் கேட்டு எழுதித்தரும் கலைமதி என்பவரை வரவழைத்தார். அவருக்கும் காது கேட்காது. ரத்த சொந்தம் என்று என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். "என்னை விட்டா அவன் சொல்றது யாருக்கும் புரியாதுங்க!" என்று கத்தினேன். யார் கேட்கிறார்கள்?

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். அந்தம்மா முதலில் விலங்கைக் கழற்ற வைத்தார். படங்களைப் பரப்பினார். மூட்டை தூக்குவதுபோல் நடித்துக் காட்டினார், விழுந்தார், எழுந்தார். சாதிக் கொஞ்ச நேரம் தலையாட்டினான். அப்புறம் நிறுத்தினான். அப்புறம் அவன் கை ஓயவேயில்லை. என்னிடம்கூட அவன் அவ்வளவு பேசியதில்லை.

மார்ச் 27, வியாழன்

கலைமதியின் அறிக்கை வந்தது. மூளையில் ஒரு குறையும் இல்லை. அடித்ததும் அவன்தான்.

சாப்பாட்டு நேரத்தில் சாக்குக் கயிற்றால் அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிவிட்டுச் சுற்றி நின்று சிரிப்பார்களாம். மேஸ்திரிதான் கட்டுவானாம். கட்டிவிட்டால் என் தம்பிக்கு வாயேது? படுபாவிங்க!

"இனிமே கேஸ் நடக்கும். அவன் பக்கத்தையும் கேட்டுத்தான் நடத்தணும்" என்றார் மேடம்.

என்னிடம் ஏன்டா சொல்லல? சோறு, மருந்து, தூக்கம் — இதற்குத்தானே வீட்டில் சைகை வைத்திருந்தோம். இதை எதை வைத்துச் சொல்வான்?

ஏப்ரல் 3, வியாழன்

பெருநாள் சட்டையோடு போனேன். ஜாமீன் இன்னும் இல்லை. சட்டையை அவன் பிரிக்கவில்லை, அம்மாவைக் கேட்கவில்லை. கலைமதி எப்போது வருவார் என்றுதான் கேட்டான். அவருக்கென்று ஒரு சைகையும் வைத்திருக்கிறான்.

எனக்கு வயிறு எரிந்தது. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். பஸ் ஏறுவதற்கு முன் கலைமதிக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: "மேடம், எனக்கும் சைகை கத்துத் தருவீங்களா?"