காலையிலேயே இரண்டு மாத்திரை

அக்டோபர் 22, செவ்வாய்

என் கணவருக்கு இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க காலை ஒன்று, இரவு ஒன்று என மாத்திரை. இரவு மாத்திரையை அவர் விழுங்கி நான் பார்த்ததே இல்லை. ஆனால் அட்டையை எண்ணினால் சரியாகவே இருந்தது. எடுத்துக் குப்பையில் போடுகிறாரோ என்று நினைத்தேன்.

இன்று காலை அவர் பல் தேய்த்துத் துப்பியதில் ரத்தம். கதவருகில் நின்று பார்த்தேன். இரண்டு மாத்திரையைச் சேர்த்து வாயில் போட்டார்.

"என்னங்க இது?"

"சாயங்காலம் வயலுக்குப் போயிட்டு வந்தா மறந்துடுது ஸ்டெல்லா. ஒரு நாளைக்கு ரெண்டுதானே?"

குவைத்தில் நர்ஸாக இருக்கும் மகளுக்கு போன் செய்தேன். "சேர்த்துப் போட்டா ரத்தம் கசியும்மா. ராத்திரில மருந்து பத்தாமயும் போயிடும். இப்பவே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

தஞ்சாவூர் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லையாம். இன்றிரவு மாத்திரை வேண்டாம், நாளை முதல் இருவேளையும் பிரித்துத்தான் போட வேண்டும் என்றார்.

"எத்தனை நாளா இப்படி?" என்று இவரைக் கேட்டார்.

"பத்து நாளாங்க."

பத்து நாளில்லை. செப்டம்பரில் மாதா திருவிழா சமயத்திலேயே அவர் கையில் நீலமாகக் கன்றியிருந்தது. மண்வெட்டி இடித்துவிட்டது என்றார், நானும் நம்பினேன். நாளை இரவு மாத்திரையை நானே கொடுத்து, வாயைத் திறந்து காட்டச் சொல்லப் போகிறேன். கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும்.